யார் வீட்டை யார் எடுப்பது

முப்பிடாதி கரும்பலகையில் யுவராணியின் தாத்தாவை வரைந்துகொண்டிருந்தாள். தாத்தா என்றதும் மீசை, மூக்குக்கண்ணாடி என்று எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு முக்கோணம், அவ்வளவுதான். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டதால் அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் ஆயாவுக்கு ஒரு வட்டம், அதற்கும் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே சமக்குறி போட்டால் கல்யாணம் முடிந்தது. மானிடவியல் இளங்கலை இரண்டாம் ஆண்டில் மனிதர்களை இப்படித்தான் வரையக் கற்றுக்கொடுக்கிறார்கள். எண்பது கிலோ இருந்த தாத்தாவை இந்தப் பெண் மூன்றே இழுப்பில் முடித்துவிட்டாளே என்று மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த யுவராணிக்குக் கோபம் வந்தது. ஆனால் அது சும்மா ஒப்புக்கு வந்த கோபம். நிஜமான கோபம் பலகையில் இன்னும் கீழே, இரண்டு தலைமுறை தள்ளி, சாக்பீஸ் தொடாத இடத்தில் காத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவள் பெயருக்கு ஒரு வட்டம் வரும். அதற்கு இடது பக்கம் இன்னொரு வட்டம் வருமா வராதா என்பதுதான் விஷயம். இடது பக்கம் என்றால் மூத்தது. யுவராணிக்கு மூத்தது என்று உலகத்தில் யாரும் இல்லை. இருபது வருடமாக இல்லை. நேற்று மத்தியானம் வரைக்கும் இல்லை. நேற்று மத்தியானம் விடுதியில் முப்பிடாதியின் கட்டிலில் கிடந்த தாளில்தான் அந்த வட்டத்தை அவள் பார்த்தாள், குறுக்கே கோடு போட்ட சின்ன வட்டம். அம்மாவுக்குத் தனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து செத்திருக்கிறது. அதை அம்மா இந்த முப்பிடாதியிடம் சொல்லியிருக்கிறாள்.

யார் வீட்டை யார் எடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார் ஞானசிகாமணி சார். எடுப்பது என்பது அவர்கள் துறைப் பேச்சு. ஒரு வீட்டு ஆளை உட்காரவைத்து, யாருக்கு யார் பிறந்தார், யாரை யார் கட்டினார் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு எழுதி வரைந்து கொண்டுவர வேண்டும். சொந்த வீட்டை எடுக்கக் கூடாது. சொந்த வீட்டில் நமக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது என்பது சாருடைய சித்தாந்தம். அதைச் சொல்லியே வருடா வருடம் பிள்ளைகளை ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவரை அனுப்பிவைக்கிறார், நல்ல மனிதர், அவர் வீட்டை யாரும் எடுத்ததில்லை. யுவராணிக்கு முப்பிடாதியின் வீடு வந்தது, முப்பிடாதிக்கு யுவராணியின் வீடு. முதல் வருடத்திலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே தண்ணீர் பாட்டில் என்று இருந்தவர்கள், சீட்டைப் பிரித்ததும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அந்தக் குதிப்பை இப்போது நினைத்தால் யுவராணிக்கு உடம்பு கூசியது. முப்பிடாதி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், அவள் வீட்டைப் போனில்தான் எடுக்க முடிந்தது. வீடியோவில் குடும்பமே வரிசையாக வந்து நின்றது, சித்தப்பா வந்தார், சித்தப்பாவின் ஆடு வந்தது, கேட்ட கேள்விக்கு ஆமா, இல்லை, ரெண்டு ஆணு மூணு பொண்ணு என்று பதில் வந்தது. நாலே நாளில் தொண்ணூற்றேழு பேர் கிடைத்தார்கள். தொண்ணூற்றேழு பேரில் ஒருவர்கூட அவளிடம் ஒரு பெருமூச்சு விடவில்லை. முப்பிடாதிக்குக் கிடைத்ததோ முப்பத்தொன்றே பேர். முப்பத்தொரு பேரை எழுத எதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை, எதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு, எதற்கு ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம்.

கதவைச் சாத்தச் சொன்னது விதிமுறை. தகவல் தருபவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும், வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருந்தால் பேச்சு மாறிவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் படித்தபோது யுவராணிக்கு அது நியாயமாகத்தான் பட்டது, அந்த வீட்டு ஆள் தானேதான் என்று அப்போது தோன்றவில்லை. மாடில துணி காஞ்சுடுச்சான்னு போய்ப் பாரு என்று அம்மா அனுப்பிவிட்டாள். பெரம்பூரில் அவர்கள் இருப்பது மூன்றாவது மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு, போய் உட்கார இடம் மாடிப்படிதான். அங்கே உட்கார்ந்துகொண்டு அவள் கேட்டது அம்மாவின் சிரிப்பை. வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் வந்தது. அம்மாவுக்கு அவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. மாநகராட்சிப் பள்ளியில் ஆயா வேலை, காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரான் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டு, மூக்கு சிந்திவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டாள். சாப்டியா, தூங்கு, எங்க போற, எப்போ வருவ. நாள் ஒன்றுக்கு ஒரு இருபது வார்த்தை யுவராணிக்கு என்று ஒதுக்கிவைத்திருப்பாள் போல, அதிலும் பாதி கேள்வி. அவளைப்போலவே தானும் பேசாமல் இருந்து பழகிவிட்டதால், எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் என்று யுவராணி ஒரு பெருமையோடுகூட வெளியில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பேச ஆள் இல்லாமல்தான் அம்மா பேசாமல் இருந்தாளா, இல்லை, இந்த ஆளிடம் வேண்டாம் என்று இருந்தாளா? இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சிரிப்பும் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் மோசம். சிரித்தால்கூடப் பரவாயில்லை, சும்மா ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று விட்டுவிடலாம், சத்தமே இல்லாமல் இரண்டு பேர் ஒரு அறையில் மூன்று மணி நேரம் என்ன செய்வார்கள். கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து, இன்னாமா வெளியே உக்காந்துக்கினு கீற, அம்மா திட்டிச்சா என்றாள். படிப்பு விஷயம் என்று யுவராணி சொன்னாள். கதவு திறந்தபோது அம்மா முகம் கழுவியிருந்தாள். முப்பிடாதிக்கு ஒரு டப்பாவில் வஞ்சிரக் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். விடுதியில் என்னத்தைப் போடுகிறார்களோ என்றாள். யுவராணியைப் பார்த்து, துணி எடுத்தியா என்றாள்.

துணி எடுத்தியா. இதைத்தான் அவளால் தாண்டிப் போக முடியவில்லை. பலகையில் முப்பிடாதி பெரிய மாமாவை வரைந்து, மாமியை வரைந்து, இரண்டு பேருக்கும் விவாகரத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள், வகுப்பில் யாரோ சிரித்தார்கள், மாமா விஷயம் ஊரறிந்தது, போனால் போகட்டும், துணி எடுத்தியா. முப்பிடாதி முறை வைத்துக் கூப்பிட்டதைச் சொல்ல வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி என்றுதான் உள்ளே வந்தாள். இரண்டாவது வாரம் அத்தை. நெல்லைப் பக்கம் சிநேகிதியின் அம்மாவை அத்தை என்பார்கள், அதுவும் சரி, அத்தை என்றால் கணக்குக்கு எதிர்ப்பக்கம், அவள் வேறு வீடு நாங்கள் வேறு வீடு. மூன்றாவது வாரம் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, அம்மா வாரேன் என்றாள். போயிட்டு வா கண்ணு என்றாள் இவள் அம்மா. போன பருவத்தில்தான் உறவுமுறைப் பாடம் பரீட்சைக்கு எழுதியிருந்தாள் யுவராணி. ஒருவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோமோ அதுதான் உறவு, இரத்தம் அப்புறம். என் அம்மாவை ஒருத்தி அம்மா என்றால் அவள் எனக்கு யார் என்பதற்கு இரண்டு மதிப்பெண். எழுபத்தெட்டு வாங்கினாள் அந்தத் தாளில். கண்ணு என்று அம்மா தன்னைக் கடைசியாக எப்போது கூப்பிட்டாள் என்று படியிறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே யோசித்தாள், அம்மை போட்டிருந்தபோது ஒரு தடவை, அதற்குப் பிறகு நினைவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் குறை சொன்னாள். உப்பு இல்லை என்றாள். உப்பு இருந்தது.

நேற்று மத்தியானமும் அவள் திருடப் போகவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். சார்ட் தாள் இரவல் வாங்கத்தான் விடுதிக்குப் போனாள். முப்பிடாதி குளிக்கப் போயிருந்தாள். கட்டிலில் தாள் விரித்துக் கிடந்தது, தன் குடும்பம் கட்டிலில் மல்லாந்து கிடந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள். நடுவில் அம்மா. யாரை வைத்து எடுக்கிறோமோ அவரை முழுக்க மை அடித்து நிரப்ப வேண்டும் என்பதால், அம்மா மட்டும் கறுப்பாக, கண்ணில் குத்துகிற மாதிரி இருந்தாள். அம்மாவின் கீழே ஒரு கோடு இறங்கிப் பக்கவாட்டில் பிரிந்தது. பிரிந்ததைப் பார்த்ததும், இது என் வீடு இல்லை, வேறு யார் வீட்டையோ வரைந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். ஒற்றைப் பிள்ளைக்குக் கோடு எதற்குப் பிரிகிறது? வலது நுனியில் வட்டம், வரிசை எண் பதினைந்து, யுவராணி. இடது நுனியில் சின்ன வட்டம், குறுக்கே கோடு, பதினான்கு. பெயர் இல்லை. பெயர் எழுத வேண்டிய இடத்தில், நோட்டு நாற்பத்தொன்று என்று பென்சிலில் குட்டியாக எழுதியிருந்தது. நோட்டு தலையணைக்கு அடியில் இருந்தது, நீல அட்டை விளிம்பு தெரிந்தது, கை நீட்டினாள், நீட்டிய கை போய்ச் சேர்வதற்குள் முப்பிடாதி ஈரத்தலையோடு உள்ளே வந்துவிட்டாள். ஏட்டி எப்ப வந்த என்றாள். தாளை மடித்தாள். பதறி மடிக்கவில்லை, சாவகாசமாக, ரொம்பச் சாதாரணமாக மடித்தாள், அந்தச் சாதாரணம் இருக்கிறதே, ஓங்கி அறையலாம் போல இருந்தது. சார்ட் தாள் கொடுத்தாள். அம்மா நல்லா இருக்காங்களா என்று வேறு கேட்டாள்.

சாயங்காலம் வீட்டில் அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். யுவராணி எதிரில் போய் உட்கார்ந்து நாலு பட்டாணி உரித்துக்கூடக் கொடுத்தாள். என்ன என்று கேட்பது, எனக்கு அக்கா இருந்தாளா என்றா? அக்கா என்ற சொல்லே வாயில் வரவில்லை, அதுவரை அது பக்கத்து வீட்டாருக்கு உரிய சொல்லாக இருந்தது. கேட்டு அம்மா இல்லை என்று சொல்லிவிட்டால்? அங்கே ஆமாம் என்றும் இங்கே இல்லை என்றும் சொன்னால், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு இந்த வீட்டில் சாப்பிடுவது. அம்மாவாகச் சொல்வாள் என்று காத்திருந்தாள். அம்மா தோலை முறத்தில் தட்டிவிட்டு எழுந்து போனாள். படுத்தபிறகு கணக்குப் போட்டாள். உயிரோடு இருந்தால் என்ன வயதிருக்கும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று. வேலைக்குப் போவாள், இல்லை கட்டிக்கொடுத்திருப்பார்கள். ஜன்னலோரம் அவள் படுப்பாள். நீ சின்னவ, விட்டுக்கொடு என்பாள் அம்மா. செத்துப்போன குழந்தை, பாவம், எத்தனை நாள் இருந்ததோ, பால் குடித்ததோ இல்லையோ, அதன்மேல் போய் ஒருத்திக்கு வயிறு எரியுமா? எரிந்தது. தான் இரண்டாவது. தான் பிறந்ததே அது போனதால்தானா, அது இருந்திருந்தால் ஒன்று போதும் என்று நிறுத்தியிருப்பார்களா, தன்னைத் தூக்கும்போதெல்லாம் அம்மா கை வேறு எடையை நினைத்துக்கொண்டதா என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு யோசனை வந்துகொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் யாராவது, ஒண்ணோட நிறுத்திட்டியா கலாவதி என்று கேட்டால், அம்மா உடனே எழுந்து பால் பொங்குதான்னு பார்க்கப் போவாள். ஆமாம் என்று அப்பாதான் பதில் சொல்வார். எத்தனை தடவை. இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அடுப்பில் பால் இருந்ததா என்று யுவராணி போய்ப் பார்த்திருக்கிறாளா? பயமும் கூடவே வந்தது. எப்படிச் செத்தது, யாருடைய தவறு, அம்மாவே ஏதாவது செய்துவிட்டாளா, சொல்ல முடியாதபடி என்ன இருக்கிறது, அதையும் முப்பிடாதிக்குச் சொல்லியாயிற்றா.

பலகையில் அம்மா வந்துவிட்டாள். முப்பிடாதி சாக்பீஸைப் படுக்கவைத்து வட்டத்தை நிரப்பினாள், வெள்ளையாக, பொறுமையாக, விளிம்பு பிசகாமல். அந்தப் பொறுமையைப் பார்த்தாள் யுவராணி. இவள் என் அம்மாவை எவ்வளவு நன்றாக வரைகிறாள் என்று தோன்றி, அப்படித் தோன்றியதற்காகத் தன்மீதே எரிச்சல் வந்தது. சாக்பீஸ் தூள் முப்பிடாதியின் நீலத் தாவணியில் விழுந்தது. அப்பா வந்தார், சமக்குறி வந்தது, கல்யாணம் தொண்ணூற்றெட்டு என்று மேலே எழுதினாள். கோடு கீழே இறங்கியது. யுவராணி டெஸ்க் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதோ பிரியப்போகிறது, வகுப்பில் முப்பத்தாறு பேர், எல்லோரும் பார்ப்பார்கள், பாவம் யுவா என்பார்கள், இடைவேளையில் வந்து தோளில் கைவைப்பார்கள், உனக்கு எப்போது தெரியும் என்று கேட்பார்கள், நேற்று என்று சொல்வதா. வேண்டாம், வரையாதே. வரை, தைரியம் இருந்தால் வரை. கோடு நேராக இறங்கி நேராக நின்றது. அதன் நுனியில் ஒரே ஒரு வட்டம். பதினான்கு, யுவராணி, இரண்டாயிரத்து நான்கு. முப்பிடாதி அடுத்த பக்கத்துக்கு நகர்ந்து சின்ன மாமாவின் பிள்ளைகளைப் பதினைந்து, பதினாறு என்று எண்ணத் தொடங்கினாள்.

அந்தச் சின்ன வட்டத்தின் நம்பரை எனக்குக் கொடுத்துவிட்டாள். இதுதான் முதலில் தோன்றியது, நிம்மதி இல்லை. நிம்மதிதானே வர வேண்டும், மானம் தப்பியது என்று மூச்சு விட வேண்டும், வரவில்லை. பலகையில் போட்டிருந்தால் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஆகியிருக்கும், முப்பத்தாறில் ஒருத்தியாக அவளுக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கும். இப்போது அது இரண்டே பேருக்குச் சொந்தம், அம்மாவுக்கும் முப்பிடாதிக்கும். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அறிக்கையின் முதல் தாளில் முப்பத்தொரு பேர் என்று இருந்தது இன்று முப்பதாகிவிட்டது, உட்கார்ந்து எல்லா எண்ணையும் ஒவ்வொன்று குறைத்து எழுதியிருக்கிறாள், ராத்திரி எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், யாருக்காக அவ்வளவு மெனக்கெட்டாள். எனக்காக என்று நினைக்க யுவராணிக்கு மனம் வரவில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். ராணிக்குத் தெரிய வேண்டாம் என்று இவள் கையைப் பிடித்துச் சொல்லியிருப்பாள். பெற்ற பெண்ணிடமிருந்து ஒளித்துவைக்க ஊரான் பெண்ணைக் காவலுக்கு வைத்திருக்கிறாள்.

முப்பிடாதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஞானசிகாமணி சார் எழுந்து முன்னால் வந்தார். அவருக்குப் பலகையைப் பார்ப்பதில் ஒரு பழக்கம் உண்டு, ஆட்களைப் பார்க்க மாட்டார், இடைவெளிகளைப் பார்ப்பார். நல்லா வரைஞ்சிருக்கே, சுத்தமா இருக்கு என்றார். பிறகு விரலைக் கொண்டுபோய் அந்த நேர்க்கோட்டில் வைத்தார். கல்யாணம் தொண்ணூற்றெட்டு, குழந்தை இரண்டாயிரத்து நாலு, நடுவில் ஆறு வருடம் என்ன நடந்தது என்று கேட்டார். "பிள்ளைங்க எத்தனைன்னு கேக்காதே, பிரசவம் எத்தனைன்னு கேளுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்றார் சார். "பிள்ளைங்கன்னா இருக்கிறதை மட்டும்தான் சொல்லுவாங்க. கேட்டியா?"

"கேட்டேன் சார்," என்றாள் முப்பிடாதி. "இல்லன்னுட்டாங்க."

பொய் சொல்லும்போது அவள் குரலில் ஊர் கொஞ்சம் குறைந்துவிடும், அது யுவராணிக்குத் தெரியும். சாருக்குத் தெரியாது. மூன்று வாரம் போயும் இதைக் கறக்க முடியவில்லையென்றால் வேலை முழுமையாக இல்லை, படம் அழகாக இருந்து என்ன பிரயோசனம் என்றார். இது வெறும் மதிப்பெண் விவகாரம் இல்லை. கோடை விடுமுறையில் ஆராய்ச்சிக் குழுவோடு ஒரு மாதம் கொல்லிமலைக்கு ஒரே ஒரு மாணவியை அழைத்துப் போவார்கள், யாருடைய எடுப்பு நன்றாக இருக்கிறதோ அவளை. முப்பிடாதி அதைப் பற்றி ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தாள். இந்தப் படிப்பு என்ன படிப்பு என்று ஊரில் கேட்பவர்களுக்கு அதைத்தான் பதிலாக வைத்திருந்தாள். அடுத்த இடத்தில் இருப்பது தொண்ணூற்றேழு பேரோடு யுவராணி. ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், மலை அவளுக்கு. சார் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், முகம் கறுத்துவிட்டது, ஆனால் உதடு இறுகிக்கிடந்தது. என் அம்மாவுக்காக மலையையே விடுகிறாளே என்று யுவராணி பார்த்தாள். நான் எதையாவது விட்டிருக்கிறேனா? வஞ்சிரத்துண்டுகூட விட்டதில்லை. இந்த இடத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தால் கதை நல்லபடியாக முடிந்திருக்கும். கலங்கவில்லை. இதுவும் அவளுக்கே போய்விட்டது, பெருந்தன்மையும் அவளுக்கு, கண்ணு என்ற சொல்லும் அவளுக்கு, அந்தச் செத்த குழந்தையும் அவளுக்கு, மலையை மட்டும் எனக்குப் பிச்சை போடுகிறாளா என்றுதான் தோன்றியது. எழுந்து நின்றுவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"இவ பொய் சொல்றா சார். கேட்டுட்டா. நோட்டுல நாற்பத்தோராம் பக்கத்துல இருக்கு. படிக்கச் சொல்லுங்க."

சொன்னது நன்றாகக்கூட இருந்தது, இரண்டு விநாடி. சார் முப்பிடாதியைப் பார்த்தார், நோட்டு எங்கே என்றார். முப்பிடாதி மேஜையிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தாள். பக்கத்தைத் தேடவில்லை, கை வைத்த இடத்தில் திறந்தது, அடிக்கடி திறந்த பக்கம்போல. படிக்கப்போகிறாள் என்று யுவராணி நினைத்தாள், இப்போது எல்லோரும் கேட்பார்கள், அம்மா பேசியதெல்லாம் இவள் வாயிலிருந்து வரும், வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். முப்பிடாதி படிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, அழவில்லை.

"நீயே படிச்சுக்கோ," என்றாள் தணிந்த குரலில். "படிச்சுட்டு, இங்க வச்சுச் சொல்லணும்னா நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன், அம்மாட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்."

முப்பிடாதிக்குக் குண்டுக் குண்டான எழுத்து. தகவல் தருபவர் பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்பது விதி, அவள் விதியை மீறுகிறவள் இல்லை. அதனால் பக்கம் முழுக்க அம்மாவின் குரல் அப்படியே இருந்தது, யுவராணி வீட்டில் ஒரு நாளும் கேட்டிராத நீளத்தில், மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு. பிரசவம் எத்தனை என்ற கேள்விக்கு மேலே அடிக்கோடு. அதன் கீழே முதல் வரியிலிருந்து அவள் கண் ஓடியது. குழந்தை எப்படிச் செத்தது என்று தேடித்தான் ஓடியது. ஆனால் அம்மா அங்கே ஆரம்பிக்கவில்லை, வேறு எங்கோ ஆரம்பித்திருந்தாள்.

போன வருஷம் எம்பொண்ணும் இதே மாதிரி ஒரு ஃபாரம் எடுத்துனு வந்தா. காலேஜ்ல பழகறதுக்குக் குடுத்தாங்களாம், வீட்ல யாரையாவது கேட்டு எழுதியாரணுமாம். என்னை உக்கார வச்சா. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பேரு, வயசு, எந்த ஊரு, எதுவரைக்கும் படிச்சேன்னு ஒண்ணொண்ணா கேட்டா, நானும் சொல்லிக்கினே வந்தேன். புள்ளைங்க எத்தினின்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அது வர்றது எனக்குத் தெரிஞ்சுது, நான் படிப்பேன் இல்ல. நெஞ்செல்லாம் அடிச்சுக்கிச்சு. கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். அதை மட்டும் கேக்கல. அவளே ஒண்ணுன்னு எழுதிக்கினா. நான் எதிர்லதான் உக்காந்துனு இருந்தேன். அடுத்த கட்டத்துக்குப் போயிட்டா. வூட்ல ஃபேன் எத்தினி.

அந்தப் படிவத்துக்குச் சார் பத்துக்குப் பத்து போட்டிருந்தார். யுவராணிக்கு இப்போது ஞாபகம் வந்தது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா பாயில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தலைக்குக் குளித்துத் துவட்டாத முடி. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். படத்துக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு அவசரம், முப்பிடாதி தியேட்டர் வாசலில் நிற்கிறேன் என்று போன் செய்திருந்தாள். அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டதுகூட ஞாபகம் இருந்தது, ஒண்ணுமில்ல, நீ எழுது என்று அம்மா சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஒன்று என்று எண்ணால் எழுதவில்லை, எழுத்தால் எழுதினாள். இடம் நிறைய இருந்தது.

கீழே இன்னும் ஒரு பக்கம் இருந்தது. பெயர் இருந்தது, பெரிய எழுத்தில், தனி வரியில். பார்க்காமல் இருக்க அவள் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து மூடினாள். முப்பிடாதி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், சாக்பீஸ் தூள் வாசனையோடு. அவள்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டதா என்றால் போகவில்லை, கேட்டவள் அவள்தானே, அது போகாது. நோட்டை மூடிக் கொடுத்தாள். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பலகைக்கு முன்னால் ஞானசிகாமணி சார் சாக்பீஸை எடுத்து, அந்த ஒற்றைக் கோட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் எல்லாம் இல்லை, படம் சரியாக வர வேண்டும், அவ்வளவுதான்.

"சொல்லும்மா யுவராணி," என்றார். "உங்க அம்மாவுக்கு எத்தனை குழந்தைங்க?"

"தெரியாது சார்," என்றாள் யுவராணி. "நான் கேக்கல."